ஓராண்டுச் சூரியன், ஒரே நெகட்டிவ்

கேள்வி இதுதான்: "வீட்டில் அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து சூரியனைப் படமெடுத்துக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் 8 போன்ற வடிவம் கிடைக்கும் என்று படித்தேன். கம்ப்யூட்டரில் ஒட்டாமல், ஒரே நெகட்டிவில் இதைச் செய்ய முடியுமா? நான் இருப்பது சென்னையில்."

முடியும். ஆனால் கே1000 வேண்டாம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை அப்படியே பின்பற்றவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

அந்த 8-க்கு அனலெம்மா என்று பெயர். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் சூரியன் ஜூனில் வடக்கேயும் டிசம்பரில் தெற்கேயும் போய் வருகிறது. இது 8-இன் நீளம், மொத்தம் 47 டிகிரி. அகலம் வேறொரு கணக்கு. நம் கடிகாரம் சீராக ஓடுகிறது, சூரியன் அப்படி ஓடுவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் அது கடிகாரத்தைவிடப் பதினாறு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக முந்தியிருக்கும். பிப்ரவரி நடுவில் பதினான்கு நிமிடம் பிந்தியிருக்கும். அச்சின் சாய்வு ஒரு காரணம், பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதால் ஜனவரியில் வேகமாகவும் ஜூலையில் மெதுவாகவும் போவது இன்னொரு காரணம். இந்த அரைமணி நேர வித்தியாசம்தான் வானத்தில் ஏறக்குறைய 8 டிகிரி அகலமாக விரிகிறது. இரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாததால் 8-இன் ஒரு வளையம் சிறியது, இன்னொன்று பெரியது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சூரியன் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் கடக்கிறது.

இதை முதன்முதலில் ஒரே ஃபிலிமில் முழுதாகப் பிடித்தவர் அமெரிக்காவின் டென்னிஸ் டி சிக்கோ. ஸ்கை அண்ட் டெலஸ்கோப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனில் 1978-79-இல் ஒரு ஜன்னலில் கேமராவை அசையாமல் பொருத்தி, காலை 8.30-க்கு எடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் படத்தில் 44 சூரியன்கள் இருக்கின்றன. அவற்றோடு மூன்று நாட்களில் ஷட்டரைத் திறந்தே வைத்து, சூரியன் உதித்து 8.30-இன் இடத்துக்கு ஏறிவரும் பாதையைக் கோடாகவும் பதிந்திருக்கிறார். கடைசியில் ஃபில்டரை எடுத்துவிட்டு முன்னால் இருந்த மரங்களையும் கட்டடத்தையும் அதே ஃபிலிமில் எடுத்தார். பத்திரிகையில் அது 1979 ஜூனில் வெளிவந்தது. இன்றைக்கும் ஃபிலிமில் இதைச் செய்பவர்கள் அந்த வழியைத்தான் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகிறார்கள்.

ஒரே ஃபிலிமில் நாற்பது தடவை எடுத்தால் வானம் வெளுத்துப் போகாதா என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். போகாது. சூரியனுக்கான ஃபில்டர் ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது (கடையில் என்டி 5 என்று கேட்க வேண்டும்). ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில், லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, அந்த ஃபில்டரோடு சூரிய வட்டுக்கு வேண்டியது சுமார் 1/125 நொடி. ஃபில்டர் இல்லாமல் நல்ல வெயிலில் ஊரைப் படமெடுக்கவும் கிட்டத்தட்ட அதே 1/125, எஃப் 16தான். ஆக, ஒவ்வொரு முறையும் நீல வானத்திலிருந்து ஃபிலிமுக்குப் போவது வழக்கமான ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு. நாற்பது முறை சேர்ந்தாலும் 2,500-இல் ஒரு பங்கு. ஃபிலிம் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. சூரியனை ஒட்டிய இடத்தில் மட்டும், புழுதியான நாளில், மங்கலாக ஒரு வளையம் விழலாம்.

எவ்வளவு ஒளி கொடுப்பது என்ற எக்ஸ்போஷர் கணக்கு இவ்வளவு சுலபம். வானவியல் இன்னும் சுலபம், கடிகாரம் சரியாக இருந்தால் போதும். இந்த வேலை ஜெயிப்பதும் தோற்பதும் வேறு இடத்தில்: ஒரு வருடம் அந்த ஃபிலிம் துண்டு கேமராவுக்குள் நகராமல் இருக்கிறதா, கேமரா சுவரில் நகராமல் இருக்கிறதா. எவ்வளவு நகரலாம் என்று பார்ப்போம். சூரியனின் விட்டம் அரை டிகிரி. 0.1 டிகிரி பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேல் போனால் 8 நெளியத் தொடங்கும். 28 மி.மீ. லென்ஸில் 0.1 டிகிரி என்பது ஃபிலிமில் 0.05 மி.மீ. நாற்பது முறை ஷட்டரை ஏற்றி இறக்கியும் ஃபிலிம் இதற்குள் நிற்க வேண்டும்.

கே1000 இங்கேதான் வழுக்குகிறது. அதில் டபுள் எக்ஸ்போஷருக்கென்று, அதாவது ஒரே ஃபிரேமில் மறுபடியும் எடுப்பதற்கென்று, தனி வசதி கிடையாது. ரீவைண்ட் குமிழைப் பிடித்துக்கொண்டு, அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும் பழைய தந்திரம் உண்டு. கல்யாண ஆல்பத்தில் இரண்டு முகங்களை ஒரே படத்தில் கொண்டுவர அது போதும். நாற்பது முறை செய்தால் ஒவ்வொரு தடவையும் ஃபிலிம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும், எந்தப் பக்கம் என்று சொல்லவும் முடியாது. இன்னொரு சிக்கல், அதன் ஷட்டர் திரை துணியால் ஆனது. ஃபில்டர் இல்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி இருக்கும்போது திரைக்கு முன்னால் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி மேலே தூக்கப்பட்டால் துணியில் ஓட்டை விழ வாய்ப்பிருக்கிறது.

36 ஃபிரேம் ரோலில் ஃபிரேமுக்கு ஒரு சூரியனாக எடுத்து, பிறகு ஸ்கேன் செய்து அடுக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு பொறி உண்டு. ஃபில்டரோடு எடுத்த ஃபிரேமில் சூரியனைத் தவிர எல்லாம் கறுப்பு. ஃபிரேமின் விளிம்புகூடத் தெரியாது. எதை வைத்து ஒன்றோடொன்று பொருத்துவது? ஓரத்தில் உள்ள பல் ஓட்டைகளும் உதவாது, ஃபிரேமுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறும்.

எனவே ஷட்டர் ஏற்றுவதற்கும் ஃபிலிம் நகர்வதற்கும் தொடர்பில்லாத கேமரா வேண்டும். 35 மி.மீ.யில் என் தேர்வு நிக்கான் எஃப்எம்2. லீவர் பக்கத்திலேயே டபுள் எக்ஸ்போஷருக்கான குட்டி நெம்பு இருக்கிறது, ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை. கேனான் ஈஓஎஸ் 3 போன்ற பிற்கால மின்னணு கேமராக்களில் இந்த வசதி அழகாக இருக்கும், ஆனால் ஒரே ஃபிரேமில் 9 முறை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் பேட்டரியை நம்பி உட்கார்ந்திருக்கவும் எனக்கு மனம் வராது. மீடியம் ஃபார்மட்டில் மாமியா சி330-க்கு இதற்கென்றே சுவிட்ச் உண்டு, 55 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் 8 முழுதாக உள்ளே வரும். எல்லாவற்றிலும் நல்லது 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமராதான். அதில் ஷட்டர் லென்ஸோடு இருக்கும், ஃபிலிம் பாட்டுக்குத் தனியே ஹோல்டரில் கிடக்கும். ஷீட் ஃபிலிம் ஹோல்டருக்குள் லேசாக ஆடும் என்பதால், இருபக்கமும் ஒட்டும் டேப்பால் அதைப் பின்னால் ஒட்டிவிட வேண்டும். விலைதான் கையைக் கடிக்கும். விளையாட்டாகச் செய்து பார்க்க ஹோல்கா என்னும் பிளாஸ்டிக் கேமரா போதும். டபுள் எக்ஸ்போஷரைத் தடுக்கும் எந்த ஏற்பாடும் அதில் கிடையாது. சூரியன் வட்டமாக வருமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

எந்தக் கேமரா வாங்கினாலும் முதலில் இதைச் சோதியுங்கள். இரவில் தூரத்துத் தெருவிளக்கு ஒன்றைப் பார்த்தபடி கேமராவை அசையாமல் பொருத்தி, ஒரே ஃபிரேமில் இருபது முறை எடுங்கள். கழுவி லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பாருங்கள். ஒரே புள்ளி என்றால் வேலைக்கு ஆகும். புள்ளி கம்பளிப்பூச்சி மாதிரி நீண்டிருந்தால் அந்தக் கேமராவை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது லென்ஸ். ஐம்பது மி.மீ. நார்மல் லென்ஸ் 35 மி.மீ. ஃபிலிமின் நீளவாக்கில் 40 டிகிரிதான் பார்க்கும்; 47 டிகிரி அதில் அடங்காது. 35 மி.மீ. லென்ஸில் 54 டிகிரி, மட்டுமட்டு. நான் 28-ஐத்தான் சொல்வேன், 65 டிகிரி. அதில் ஒவ்வொரு சூரியனும் ஃபிலிமில் கால் மி.மீ. பொட்டாக விழும். சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், பிரிண்டில் சரியாகிவிடும்.

இனி, வெளிநாட்டுக் குறிப்புகள் ஏன் இங்கே ஒத்துவராது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான அனலெம்மா படங்களில் 8 நிமிர்ந்தோ சாய்ந்தோ நிற்கும். அவை 40 டிகிரி அட்சரேகைப் பக்கத்தில் எடுத்தவை. வாட்டர்டவுன் 42 டிகிரி வடக்கு. சென்னை 13 டிகிரி. இங்கே காலையில் கிழக்கே பார்த்தால் 8 ஏறக்குறைய படுத்துக் கிடக்கும்: இடதுபக்கம் ஜூனின் சிறிய வளையம், வலதுபக்கம் டிசம்பரின் பெரிய வளையம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தீர்கள் என்றால் இரண்டு முனைகளும் வெட்டுப்படும். படுக்கைவாக்கில் வையுங்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னும் தட்டையாக இருக்கும். சிங்கப்பூரில் அடிவானத்துக்கு இணையாகவே கிடக்கும். ஆனால் அங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுவதால் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

நண்பகலில் எடுக்கலாமா? சென்னையில் வேண்டாம். டிசம்பரில் தெற்கே 53 டிகிரி உயரத்தில் இருக்கும் நண்பகல் சூரியன், ஏப்ரல் கடைசியில் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. 8 நேராகத் தலைக்கு மேலே வரும். அதோடு கோபுரமோ தென்னையோ எதுவும் ஃபிரேமுக்குள் வராது, வெறும் பொட்டு வரிசைதான் மிஞ்சும்.

காலை 7.30 நல்ல நேரம். அப்போது சூரியன் டிசம்பரில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி, ஜூனில் 23 டிகிரி உயரத்தில் இருக்கும். 28 மி.மீ. லென்ஸைப் படுக்கைவாக்கில் வைத்தால் மேலும் கீழுமாக 46 டிகிரி கிடைக்கிறது, அடியில் கட்டடங்களுக்கு நிறைய இடம். 7 மணி என்றால் டிசம்பரில் 6 டிகிரிதான், புகையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் மறைக்கும். அலுவலகம் போகிறவருக்கு 7.30 தோதாகவும் இருக்கும். வருடம் முழுக்க அந்த நிமிடத்தில் நீங்கள் மொட்டை மாடியில் இருக்க முடியுமா என்பதுதான் உண்மையில் முதல் கேள்வி. சூரியன் தன் விட்டத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது. பத்து நொடி தவறினால் பரவாயில்லை, அரை நிமிடம் தவறினால் பொட்டு கால் விட்டம் விலகும். செல்போன் நேரத்தைப் பார்த்து எடுங்கள். கோடையில் கடிகாரத்தை மாற்றும் பழக்கம் நமக்கு இல்லாதது ஒரு பெரிய நிம்மதி.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? எல்லோரும் பத்து நாள் என்று சொல்வார்கள். நான் அப்படிச் சீராக வைக்க மாட்டேன். மார்ச், செப்டம்பரில் சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி நகர்கிறது, பத்து நாளில் 4 டிகிரி; நடுவே பெரிய இடைவெளி விழும். ஜூன் 21-ஐ ஒட்டி அது கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்று, பத்து நாளில் பக்கவாட்டில் அரை டிகிரிதான் நகரும், அதாவது ஒரு பொட்டு அடுத்த பொட்டை உரசும். டிசம்பர் முனையில் இதைவிட இரண்டு மடங்கு வேகம் உண்டு. எனவே மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் வாரம் ஒன்று, ஜூன் இரண்டாம் பாதியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை பன்னிரண்டு நாளுக்கு ஒன்று, மற்ற மாதங்களில் எட்டு பத்து நாள். மொத்தம் நாற்பதை ஒட்டி வரும்.

மேகம் வந்தால்? சென்னைக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, பெரிய வளையத்தின் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு விழ வேண்டிய நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரம் சூரியனே தெரியாமல் போகலாம். இதற்கு ஒரு வழி இருக்கிறது: விட்டுப்போன தேதிகளை அடுத்த வருடம் நிரப்பலாம். அதே தேதியில் சூரியன் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. வருடத்துக்கு 365 நாளோடு கால் நாள் கூடுதலாக இருப்பதால் வரும் பிசகு, சூரியன் மிக வேகமாக நகரும் மார்ச்சிலும் செப்டம்பரிலும்கூட 0.1 டிகிரிதான். நாம் முதலில் வைத்த வரம்புக்குள் இது அடங்குகிறது. அதனால் ஜனவரியில் தொடங்காமல் அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கி, அடுத்த வருட டிசம்பர் கடைசி வரை பதினைந்து மாதம் ஓட்டுங்கள். மழை மாதங்களுக்கு இரண்டு வாய்ப்பு கிடைக்கும். எந்தத் தேதி விழுந்தது, எது விழவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பது கட்டாயம். ஒரே தேதியை இரண்டு வருடமும் எடுத்தால் அந்தப் பொட்டு மட்டும் தடித்து நிற்கும்.

கேமராவைப் பொருத்துவது. பதினைந்து மாதம் மாடியிலேயே விட முடியாது, மழையும் குரங்கும் இருக்கின்றன. கைப்பிடிச் சுவரில் கனமான இரும்பு பிராக்கெட் ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி, கேமரா ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் போய் உட்காரும்படி செய்ய வேண்டும். இருபது செ.மீ. தட்டின் ஒரு முனை 0.35 மி.மீ. தூக்கினாலே 0.1 டிகிரி போய்விடும். தட்டு முழுதாகப் படிய வைக்காதீர்கள், நடுவே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும் கெடுவதற்கு. தட்டின் அடியில் மூன்று குண்டுத்தலை போல்ட்டுகள் வையுங்கள். பிராக்கெட்டில் ஒன்றுக்குக் குழி, ஒன்றுக்குப் பள்ளக்கோடு, மூன்றாவதுக்குச் சமதளம். லேத் பட்டறையில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கேமராவைத் தட்டிலிருந்து கழற்றவே கூடாது, தட்டோடு கொண்டுபோய்த் தட்டோடு கொண்டுவர வேண்டும். ஃபோகஸை முடிவிலியில் வைத்து டேப் ஒட்டுங்கள். அப்பர்ச்சர் வளையத்துக்கும் டேப். மங்கலான நாளில் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளி) கூட்ட வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துக் கூட்டுங்கள்.

ஃபில்டருக்கு வானியல் கடைகளில் கிடைக்கும் பாடர் ஷீட் நல்லது. 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடியும் ஓடும், பச்சை நிறம் வரும் என்பதால் கறுப்பு-வெள்ளைக்குச் சரி. எக்ஸ்ரே ஃபிலிம், இரண்டு கூலிங் கிளாஸ் எல்லாம் வேண்டாம். லென்ஸில் ஃபில்டர் இல்லாமல் வியூஃபைண்டரில் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். கேமராவின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி சிக்கோ செய்ததுபோலப் பாதைக் கோடுகளும் வேண்டுமா? அப்போது ஒவ்வொரு புள்ளியிலும் சூரியன் இரண்டு நிமிடம் நிற்கிறது. 1/125-ஐவிட இது பதினாயிரம் மடங்குக்கும் மேல். என்டி 5-க்கு மேலே ஒளியைப் பதினாயிரத்தில் ஒரு பங்காக்கும் என்டி 4 ஒன்றும் போட வேண்டும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் முதல் முயற்சியிலேயே வேண்டாம். கோடு ஒன்று கெட்டால் ஒரு வருட வேலையும் அதோடு போகும்.

ஃபிலிம் எது என்பதில் ஒரு எச்சரிக்கை. ஒளி பட்டு, கழுவாமல் கிடக்கும் பதிவு நாளாக நாளாக மங்கும். இதில் ஃபிலிமுக்கு ஃபிலிம் வித்தியாசம் உண்டு. இல்ஃபோர்டின் பான் எஃப் பிளஸ் பார்க்க இதற்கென்றே செய்ததுபோல மெதுவான ஃபிலிம். ஆனால் எடுத்த மூன்று மாதத்துக்குள் கழுவச் சொல்கிறது அந்த நிறுவனமே. அதைத் தொடாதீர்கள். எஃப்பி4 போன்ற வழக்கமான ஃபிலிம் தேவலை. கேமராவை அலமாரியில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள், கார் டாஷ்போர்டு பக்கம் போகவே கூடாது. மங்கலை ஈடுகட்ட சூரியனுக்கு ஒரு ஸ்டாப் அதிகமாகவே கொடுங்கள், 1/60. பின்னால் வானம் பதியும்போது பொட்டுகள் அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவதற்கும் அது உதவும்.

அந்த வானமும் கட்டடமும்தான் கடைசி எக்ஸ்போஷர், ஃபில்டர் இல்லாமல். இதைக் காலையில் எடுக்காதீர்கள், சூரியன் எதிரே இருக்கும். மாலையில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுங்கள். கறுப்பு-வெள்ளை என்றால் சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுத்துவிடும், பொட்டுகள் பளிச்சென்று நிற்கும். கலர் என்றால் சூரியன் மறைந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, ஒரு ஸ்டாப் குறைத்து. இதை டிசம்பர் வரை ஒத்திப்போட வேண்டியதில்லை. மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும் ஒரு நாளில், பாதியிலேயே எடுத்துவிடலாம். ஃபிலிமுக்கு வரிசை தெரியாது.

இவ்வளவும் மலைப்பாக இருந்தால் கே1000-ஐ அலமாரியில் வைத்துவிட்டு ஒரு டின் எடுங்கள். ஊசித் துளை போட்டு, உள்ளே போட்டோ பேப்பரைச் சுருட்டி வைத்து, ஜூனிலிருந்து டிசம்பர் வரை மாடிக் கம்பியில் கட்டிவிடுவதுதான் சோலார்கிராஃப். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்பர் 2012-இல் ஒரு பீர் டின்னை அப்படிப் பொருத்தி மறந்துபோனார். 2020-இல் கண்டெடுத்தபோது அதில் 2,953 சூரியப் பாதைகள் பதிந்திருந்தன. அங்கே கிடைப்பது வளைகோடுகள், 8 வராது. ஆனால் 7.30-க்கு யாரும் மாடி ஏற வேண்டாம்.

8தான் வேண்டும் என்றால் கடைசியாக லேப் விஷயம். ரோலின் முதல் ஃபிரேமில் அனலெம்மாவை எடுக்காதீர்கள், ஏற்றும்போது வெளிச்சம் பட்ட பகுதிக்கு மிக அருகில் இருக்கும். ஐந்தாறு ஃபிரேம் தள்ளித் தொடங்குங்கள். முன்னால் உள்ள ஃபிரேம்களில் அதே ஃபில்டரில் 1/30, 1/60, 1/125 என்று சூரியனைச் சோதனையாக எடுத்துவையுங்கள். முடிந்ததும் பிந்தைய ஃபிரேம்களிலும் அதே மூன்றை எடுங்கள். பதினைந்து மாதப் பழைய பதிவுக்கும் நேற்றைய பதிவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும், பிரிண்டில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதும் தெரியும். ரோலைக் கொடுக்கும்போது "வெட்டாமல் முழு ரோலாகக் கொடுங்கள்" என்று கவரின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். அனலெம்மா ஃபிரேமுக்கு முன்னும் பின்னும் வெற்று ஃபிலிமும் பொட்டுமாக இருப்பதால், எங்கே வெட்டுவது என்று லேப்காரருக்குத் தெரியாது.